புதுப்பிப்பு: பழவேற்காடு ஆவணப்படம், படப்பிடிப்பு முடிந்தது

முகத்துவாரம் மணலில் அடைபட்டு, கடல்நீர் வரத்து குறைந்து, இறால் இல்லாமல் தவிக்கும் ஏரியை எப்படிப் படமாக்குவது, காற்று இரைச்சலில் பேச்சை எப்படிப் பதிவது என்று முன்பு கேட்டிருந்தேன். மைக்கைச் சட்டைக்குள் ஒட்டச் சொன்னவருக்கு நன்றி, அதுதான் காப்பாற்றியது. பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா, அதனால் ட்ரோன் ஆசையை முதல் நாளே விட்டாச்சு.

தடா பக்கம் அத்தை வீட்டில் தங்கினோம். மீனவர்களின் 'பாடு' முறையை, அதாவது யார் எந்த இடத்தில் எப்போது வலை கட்டலாம் என்ற ஊர்க் கட்டுப்பாட்டை, ஒரு காட்சியில் முடிக்கப் பார்த்தேன். என் தப்பு. மீன் குறைந்த காலத்தில் அடிதடி இல்லாமல் பங்கிட வைப்பதே அதுதான். இப்போது படத்தின் முதுகெலும்பே அது.

அப்புறம் இருளர் பெண்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். கூடை வாயில் இருக்கும்போது பேட்டி எங்கே எடுப்பது? கைகளையே இருபது நிமிடம் எடுத்தோம்.

அத்தை ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார்: “சோக மியூசிக் மட்டும் போட்டுடாதடா.”

எடிட்டிங் அடுத்த வாரம் தொடங்குகிறது.