டோபமின்: கட்டுப்பாடா, சீராக்கமா, ஒழுங்காற்றலா?

மன்னார்குடி ஆசிரியை:

அவையோர்க்கு வணக்கம். மேனிலை வகுப்பு மாணவர்களுக்காக நரம்பியல் அறிஞர் அர்விட் கார்ல்சனைப் பற்றிய சிறு வாசிப்பேடு ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பினைச் செலுத்தியதும் அசைவற்றுக் கிடந்த முயல்கள், உடலில் டோபமினாக மாறும் எல்-டோபா என்னும் பொருளைக் கொடுத்ததும் எழுந்து நடமாடியதை அவருடைய குழுவினர் 1957இல் வெளியிட்ட செய்தி வரை தடையின்றி எழுதிவிட்டேன். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினின் அளவை மூளை ஏற்றியும் இறக்கியும் பேணிக்கொள்ளும் 'ரெகுலேஷன்' என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. 'கட்டுப்பாடு' என்று எழுதினால் மாணவர்கள் அதை அடக்குதல் என்றே கொள்கிறார்கள். வேறு என்ன சொல் இடலாம்?

திருவையாற்றுத் தமிழாசிரியர் (பணி ஓய்வு):

அம்மா, 'ஒழுங்காற்றல்' என்று தயங்காமல் எழுதுங்கள். ஒழுகு என்னும் வினையடியே ஒழுக்கம், ஒழுங்கு இரண்டிற்கும் தாய். இடையறாது செல்லுதல் அதன் முதற்பொருள். தொல்காப்பியர், செய்யுளின் ஓசை வகைகளான வண்ணங்களுள் ஒன்றை 'ஒழுகு வண்ணம்' என்றே குறித்தார். நரம்பு முனையிலிருந்து ஒழுகும் ஒரு பொருளின் நெறியைச் சுட்ட, ஒழுகுதலிலிருந்தே பிறந்த சொல்லைவிடப் பொருத்தமானது எது? 'ஆற்று' என்பதில் ஆறும் ஒளிந்திருக்கிறது என்பதைக் காவிரிக்கரைக்காரனின் ஆசையாக மன்னித்துவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் பாசனப் பொறியாளர் (பணி ஓய்வு):

ஐயாவின் வேர்ச்சொல் ஆய்வு இனிக்கிறது. ஆனால் டெல்டாவில் அச்சொல்லைக் கேட்ட எவர்க்கும் 2018இல் அமைந்த காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுதான் நினைவுக்கு வரும். அது ஆற்றுக்கு வெளியே அமர்ந்து கணக்குப் பார்ப்பது. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில்கூட, நீர்மட்டத்தைப் பார்த்து ஷட்டரை ஏற்றி இறக்க ஒரு லஸ்கர், அதாவது மதகுப் பணியாளர், வேண்டும். நரம்பணுவில் லஸ்கர் யார்? தானே மட்டம் பார்த்துத் தானே ஷட்டரை இறக்குகிறது என்றால் 'தன்னொழுங்கு' என்பதே சரி.

கும்பகோணம் மருத்துவர்:

பொறியாளர் ஐயா சொல்வதில் பாதி உண்மை. டோபமினை வெளியிடும் அணுவின் மேலேயே, டோபமின் வந்து ஒட்டும் புரதங்களான டி2 வகை ஏற்பிகள் இருக்கின்றன. வெளியே டோபமின் மிகுந்தால் அவை அதை உணர்ந்து, மேலும் வெளியிடுவதையும் புதிதாக உண்டாக்குவதையும் குறைக்கின்றன. இவற்றைத் 'தன்னேற்பி' எனலாம். ஆனால் வேறு நரம்பணுக்களும் அந்த அணுவைத் தூண்டியும் அடக்கியும் வைக்கின்றன. மருந்தாலும் அளவு மாறுகிறது. 'தன்னொழுங்கு' இவற்றைத் தாங்காது. மேலும், வெளியிட்ட டோபமினின் பெரும்பகுதியை ஒரு கடத்திப் புரதம் அணுவுக்குள்ளேயே திருப்பி எடுத்துக்கொள்கிறது. வெண்ணாற்றில் விட்ட நீர் கல்லணைக்குத் திரும்புவதில்லை என்பதால் மதகு உவமையை நெடுந்தூரம் இழுக்க வேண்டாம். மூளையில் டோபமின் குறைந்துபோகும் பார்க்கின்சன் நோயாளியின் வீட்டாரிடம் நான் 'சீராக்கம்' என்றுதான் சொல்கிறேன். மறுகேள்வி வருவதில்லை.

திருவையாற்றுத் தமிழாசிரியர்:

மறுகேள்வி வராதது புரிந்ததற்குச் சான்று ஆகுமா, டாக்டர்? சீர்கெட்டதைத்தான் சீராக்குவார்கள். கெடாத மூளையில் நாள்தோறும் நிகழ்வதற்கு அச்சொல் எப்படிப் பொருந்தும்? 'தன்னேற்பி'யில் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டியது முறையே. ஆயினும் தன்னைத்தானே ஏற்றுக்கொள்வது என்றல்லவா மாணவன் படிப்பான்? 'தன்னணு ஏற்பி' என்று விரித்தால் என்ன குறைந்துவிடும்?

மன்னார்குடி ஆசிரியை:

எல்லார்க்கும் நன்றி. இன்று வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். பெரும்பாலோர் 'சீராக்கம்' என்றார்கள், ஒழுங்காற்றல் என்றதும் ஒரு மாணவன், "தண்ணி வருமா டீச்சர்?" என்றான். ஆகவே நூலில் 'சீராக்கம்' என்று வைத்து, முதல் வருகையில் மட்டும் 'கெடாமல் சீராகப் பேணுதல்' என்று விளக்கம் சேர்க்கிறேன். 'தன்னணு ஏற்பி'யை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

திருவையாற்றுத் தமிழாசிரியர்:

அச்சேறட்டும், அம்மா. விளக்கம் தேவைப்படும் சொல்லை எளிய சொல் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதை மட்டும் டாக்டர் எனக்கு விளக்க வேண்டும்.