ஐஸ்லாந்து கூடைப்பந்து லீக்: இன்னும் மனத்தை அரிக்கும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

மஞ்சள்துண்டு

எரிமலை அச்சத்தில் கிரிண்டாவிக் ஊரைக் காலி செய்த கதை எல்லோருக்கும் தெரியும். 2023 நவம்பர் 10, வெள்ளி இரவு. நிலம் நிற்காமல் குலுங்க, ஏறக்குறைய 3,800 பேர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்கள். சில நாட்களில் ஆண்கள் அணிக்கு ஆட்டம் வந்தது. ஊரே பூட்டிக் கிடக்க, தலைநகர் ரெய்க்யவிக்கை ஒட்டிய கோபவோகுரில் இருக்கும் ஸ்மாரின் அரங்கத்தைத் தங்கள் "சொந்த" அரங்கமாக ஆக்கிக்கொண்டார்கள். நான் அங்கிருந்து பத்து நிமிட நடையில் குடியிருந்தேன். அதனால்தான் போனேன்.

இடைவேளையில் வராந்தாவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கழுத்தில் அணியின் மஞ்சள் துண்டோடு, கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கழிவறை எங்கே என்று என்னிடம் கேட்டார். கை காட்டினேன். "எங்கள் ஊர் ஆட்டத்தில் நான் வழி கேட்பது இதுதான் முதல் தடவை" என்றார். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். "எப்போது வீட்டுக்குத் திரும்புவீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். நம்மவர்கள் யாரைக் கண்டாலும் எப்போது ஊருக்கு என்று கேட்போமே, அந்தப் பழக்கத்தில் வாய் தவறி வந்த கேள்வி. அவர் துண்டின் நுனியில் பிரிந்திருந்த நூலை இரண்டு விரல்களால் முறுக்கினார், முறுக்கினார், பிறகு "ஆட்டம் தொடங்கப் போகிறது" என்று அரங்கத்துக்குள் திரும்பிவிட்டார். கழிவறைக்குப் போகவே இல்லை.

அன்றைய ஆட்டத்தின் புள்ளிகள் எனக்கு நினைவில் இல்லை. அந்த நூல்தான் நினைவிருக்கிறது.

வடக்குக்கடல்

நான் வடக்கே சௌதார்குரோகுரில் ஒரு விடுதிச் சமையலறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஊரில் 2,600 பேர்கூடத் தேற மாட்டார்கள். டிண்டஸ்டோல் அணியின் ஊர் அது. 2022 இறுதிச் சுற்றின் ஐந்து ஆட்டத் தொடரில் தலைநகரின் வாலுர் அணியிடம் 3க்கு 2 என்று தோற்றோம். 2023 மே 18, அதே வாலுர், அதே ஐந்தாவது ஆட்டம், ரெய்க்யவிக்கில். போக முடிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். எனக்கும் தலைமைச் சமையல்காரருக்கும் வேலைநாள்.

கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் கீஷான் வுட்ஸ் மூன்று புள்ளிக்கு எறியும்போது எதிரணியின் ஃபவுல். மூன்று ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் எறியலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. தலைமைச் சமையல்காரர் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, குளிர்பதன அறையின் இரும்புக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நீ பார்த்துச் சொல்" என்றார். ஒன்று விழுந்தது, சொன்னேன். இரண்டு, சொன்னேன். மூன்றாவது விழுந்தபோது எனக்கு ஐஸ்லாந்து மொழி ஒரு சொல் வரவில்லை. தமிழில் "விழுந்துடுச்சு!" என்று கத்தினேன். அவர் திரும்பாமலே புரிந்துகொண்டார். 82-81. கழக வரலாற்றில் முதல் பட்டம்.

கதவிலிருந்து நெற்றியை எடுத்தபோது அங்கே வட்டமாக ஒரு ஈரத் தடம். அவர் அழுததா, வியர்வையா என்று நான் கேட்கவில்லை. இந்த லீக் சின்ன ஊர்களின் லீக். தலைநகரக்காரர்களுக்கு அது ஒரு மாலைப் பொழுது, எங்களுக்கு அதுதான் குளிர்காலம் முழுவதும்.

மேற்குத்தெரு

வடக்குக்கடல் நண்பரே, கடைசி வரியை ஏற்க முடியாது. 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு பட்டம் வென்ற கேஆர் தலைநகரின் மேற்குப் பகுதி அணி. 2023இல், நீங்கள் பட்டம் வென்ற அதே பருவத்தில், அது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த வாரம் எங்கள் தெருவில் இருந்த முகங்களைப் பார்த்திருந்தால் "ஒரு மாலைப் பொழுது" என்று எழுதியிருக்க மாட்டீர்கள். இன்னொன்று. உங்களுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் பாவெல் எர்மோலின்ஸ்கி யார்? கேஆரில் பட்டங்கள் குவித்தவர், அதற்கு முந்தைய ஆண்டு வாலுர் சட்டையில் உங்களைத் தோற்கடித்தவர். ஊர்களுக்கு நடுவே நீங்கள் போடும் கோடு இந்த லீக்கில் நிற்காது.

என் அனுபவம் வேறு. ஜனவரியில் வீட்டு ரேடியேட்டர் கசிந்தது. காலையில் வந்த குழாய் வேலைக்காரர் உயரமானவர், இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளைப் பட்டி ஒட்டியிருந்தார். மூன்றரை மணிக்கெல்லாம் கருவிகளை அடுக்கினார். ஒரு இணைப்பு மீதம். "நாளை காலை எட்டு மணிக்கு வருகிறேன், இன்று போயாக வேண்டும்" என்றார். எனக்குக் கோபம். வீட்டில் கைக்குழந்தை. அவர் வேலை செய்யும் இடத்துக்குத் தொலைபேசியில் புகார் சொன்னேன்.

அன்று இரவு பக்கத்து வீட்டுப் பையன் ஆட்டம் பார்க்க இழுத்துக்கொண்டு போனான். 7.15க்கு ஆட்டம். பந்தோடு ஓடி வந்தவர் கையில் அதே வெள்ளைப் பட்டி. முதல் ஐவரில் ஒருவர். மறுநாள் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் நின்றார். புகார் அவர் காதுக்குப் போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இணைப்பை முடித்தார், துடைத்தார், கிளம்பினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கதவு சாத்திவிட்டது. மூன்று வருடமாகிறது.

பனிச்சாலை

என் கதை சிறியது. டிண்டஸ்டோல் ஆட்டத்துக்கு ரெய்க்யவிக்கிலிருந்து கிளம்பினோம், மலைச்சாலையை மூடிவிட்டார்கள், ஆட்டம் தள்ளிப்போனது, வழியிலிருந்த உணவகத்தில் எதிரணி ஆதரவாளர் ஒருவர் தன் சூப்பில் பாதியை என் மகளுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது குளிர்காலத்தில் ஆட்டம் பார்க்கக் கிளம்புவீர்கள், அதற்காகச் சொல்கிறேன். தலைநகரிலிருந்து சௌதார்குரோகுர் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரம், பனியில் கணக்கே கிடையாது. நடுவில் ஹோல்டவர்துஹெய்தி மேட்டைக் கடக்க வேண்டும். காற்று வீசினால் சாலையோர மஞ்சள் கம்பங்கள்கூடத் தெரியாது. கிளம்பும் முன் சாலைத் துறையின் 1777 எண்ணை அழையுங்கள். மதியம் ஒரு தடவை, வழியில் ஒரு தடவை. திறந்திருக்கிறது என்று காலையில் சொன்னதை நம்பி மாலையில் ஏறாதீர்கள். வாடகைக் காரில் ஆணி டயர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், கேட்டால் மட்டும் போதாது. பின்னாலிருந்து காற்று அடிக்கும்போது கார்க் கதவைத் திறந்தால் கீலோடு பிய்த்துக்கொண்டு போகும், இரண்டு கையாலும் பிடியுங்கள். அரங்கத்துக்கு ஆறரைக்குள் போய்விடுங்கள். வாசலில் கழகத்துப் பெற்றோர்கள் ஹாம்பர்கர் சுட்டு விற்பார்கள். அந்தப் பணம் சிறுவர் அணிகளுக்குப் போகிறது, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே வெப்பம் அதிகம், கம்பளிக்கு அடியில் மெல்லிய சட்டை அணியுங்கள். குழந்தைகளை வளையத்துக்குப் பின்னால் உட்கார வைக்காதீர்கள், மேளம் அடிப்பவர்கள் அங்கேதான் நிற்பார்கள். மே மாத இறுதிச் சுற்று என்றால் சாலைக் கவலை இல்லை, ஆனால் டிக்கெட் கிடைக்காது.

கீழைக்கரையான்

மேற்குத்தெரு நண்பர் சொன்னதற்கு ஒரு திருத்தம், வடக்குக்கடல் நண்பருக்கும் சேர்த்துத்தான். கோடு போடுவதானால் கெஃப்லவிக்கிலிருந்து தொடங்குங்கள். அங்கே 2006 வரை அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்தது. தளத்துக்கு ஒட்டிய கெஃப்லவிக், நியார்ட்விக் இரண்டும் கூடைப்பந்து ஊர்களாக ஆனதில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கெஃப்லவிக் அரங்கத்தைக் "கசாப்புக்கூடம்" என்றும் நியார்ட்விக்கின் பழைய அரங்கத்தைச் "சிங்கக்குகை" என்றும் உள்ளூர்க்காரர்கள் அழைப்பார்கள். குகை ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் அளவுதான். எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் பந்தை உள்ளே போடும் வீரரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும்.

அங்கே ஒரு வெளிநாட்டு வீரரைச் சந்தித்தேன். சம்பளத்தோடு ஒரு சிறு குடியிருப்பும் பழைய காரும் கொடுத்து எட்டு மாதத்துக்கு அழைத்து வருவார்கள், தெரியும்தானே. டிசம்பரில் ஒரு நாள் காலை பதினொன்றரைக்கு, அப்போதுதான் வெளுத்திருந்தது, கடையில் எனக்கு முன்னால் நின்றார். கூடையில் நான்கு பால் புட்டியும் இருட்டு மாதங்களில் வெயிலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் ஒரு சூரிய விளக்கும். என்னைப் பார்த்து, "உனக்கு இருட்டு எப்போது பழகியது?" என்றார். அந்தக் கடையில் வெளியூர் முகம் நாங்கள் இருவர் மட்டும். "மூன்றாவது வருடம்" என்றேன், உண்மையைத்தான் சொன்னேன். அவர் முகம் விழுந்தது. புத்தாண்டுக்குப் பிறகு அணியில் அவர் இல்லை. அணி அனுப்பிவிட்டதா, அவரே போனாரா, எனக்குத் தெரியாது. "அடுத்த மாதமே பழகிவிடும்" என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

மஞ்சள்துண்டு நண்பரே, நீங்கள் அந்த அம்மாவிடம் கேட்டிருக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஸ்மாரினுக்கு வந்தவர்கள் மறக்க வந்தவர்கள் அல்ல. என்னோடு மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்த கிரிண்டாவிக்காரர் சொல்வார், ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் பார்க்க அந்த ஆட்டங்கள்தான் மிச்சம் என்று. ஒருவர் தூசி படிந்த பூனைக்கூண்டைக் காரில் வைத்துக்கொண்டே ஆட்டத்துக்கு வருவாராம். பூனை கிடைத்ததா என்று எல்லோரும் கேட்பார்களாம். கேட்காமல் விட்டால்தான் அவருக்குக் கோபம் வருமாம்.

மஞ்சள்துண்டு

கீழைக்கரையான் அண்ணா, நன்றி. அதை நம்ப ஆசையாக இருக்கிறது.

அந்தப் பருவத்தில் கிரிண்டாவிக் இறுதிச் சுற்றுவரை வந்தது. வாலுரோடு ஐந்தாவது ஆட்டம் 2024 மே 29. அன்று மதியம்தான் ஊருக்குப் பக்கத்தில் மறுபடியும் எரிமலை வெடித்தது. நான் வாலுரின் ஹ்லீதரெண்டி அரங்க வாசலில் ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றேன். ஆட்டத்துக்காக அல்ல. மஞ்சள் துண்டுகளாக வந்துகொண்டே இருந்தார்கள், ஒரு கையில் துண்டு, மறு கையில் கைப்பேசி, அதில் எரிமலையின் நேரலை. வயதான பெண்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். அவரைக் காணவில்லை. கிரிண்டாவிக் தோற்றது.

அதற்கு முன்பு, அதே ஆண்டு ஜனவரி 14 அன்று எரிகுழம்பு ஊருக்குள் புகுந்து மூன்று வீடுகளை எரித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீடு எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.