புதுப்பிப்பு: காசிமேட்டு ஐஸ் ரூம் வெளிச்சுவர் வியர்ப்பது
காசிமேட்டில் ஐஸ் கட்டி வைக்கும் அறையின் வெளிச்சுவர் வியர்த்துத் தரை நனைவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பலர் ஃபேன் போடச் சொன்னார்கள். ஃபேன் போட்டால் சுவர்ப்பரப்பு கொஞ்சம் சூடேறும், நீர் குறையும். ஆனால் குளிர் கசிவது நிற்காது.

வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், ஏறக்குறைய 27 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். 25 மி.மீ. தெர்மோகோல் போட்ட சுவர் அந்த விளிம்பிலேயே நிற்கும்; காற்றோட்டமில்லாத மூலைகளில் தோற்றுவிடும். 100 மி.மீ. பஃப் பேனல் (பாலியூரித்தேன் நுரை அடைத்த பலகை) போடுங்கள்.

ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன் ஷீட் வெளிப்பக்கம்தான் வர வேண்டும். இதைத் தயவுசெய்து மாற்றிப் போடாதீர்கள். உள்பக்கம் ஒட்டினால், கடற்காற்றின் ஈரம் தெர்மோகோல் இடுக்குகளில் புகுந்து, குளிர்ந்த ஷீட்டில் நீராகித் தேங்கும். நனைந்த தெர்மோகோல் குளிர் கசிவதைத் தடுக்காது, லேசில் காயவும் காயாது. ஷீட் இணைப்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டுங்கள்.

கதவு கேஸ்கெட்டில் (கதவோரத்து ரப்பர் பட்டை) ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் கேஸ்கெட் போய்விட்டது. ஐஸ் உருகும் தண்ணீர் போகும் குழாயில் யூ வளைவு வையுங்கள். அதில் தண்ணீர் நிற்காவிட்டால் வெளிக்காற்று அந்த வழியாகவே உள்ளே வரும்.