கலைஞர் காப்பீடா, அம்மா காப்பீடா?

வைகைக்கரையான்:
"2012இல் அம்மா செய்தது போர்டு மாற்றம்தான், மருத்துவக் காப்பீடு முழுக்கக் கலைஞர் திட்டம்" என்று ஒரு அன்பர் பக்கத்து இழையில் எழுதியிருக்கிறார். அதைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். 2009 ஜூலையில் கலைஞர் கொடுத்தது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 1 லட்சம். அம்மா கொடுத்தது ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். இது போர்டு மாற்றமா?

ஆரூர்த்தேர்:
அந்த அன்பர் நான்தான். பெயர் சொல்லியே கேட்கலாம், கடிக்க மாட்டேன். தொகையைக் கூட்டினால் புதுத் திட்டமா? அட்டை, தனியார் மருத்துவமனையில் காசு கட்டாமல் ஆபரேஷன், 72,000 ரூபாய் வருமான வரம்பு எல்லாம் 2009இலேயே வந்தவை. 2011இல் ஆட்சிக்கு வந்தீர்கள், நிறுத்தினீர்கள். உங்கள் திட்டம் தொடங்கியது 2012 ஜனவரி 11. நடுவில் நெஞ்சுவலி வந்தவன் யாரிடம் போவான்?

வைகைக்கரையான்:
கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா?

கடப்பாரை:
ஆந்திராவில் ஒய்.எஸ்.ஆர். 2007இலேயே ஆரோக்கியஸ்ரீ என்ற இதே மாதிரி மருத்துவத் திட்டத்தைத் தொடங்கிவிட்டார். அங்கேயும் இதே கூத்துதான். நாயுடு வந்தால் என்.டி.ஆர். பெயர், ஜெகன் வந்தால் அப்பா பெயர், 2024இல் மறுபடி என்.டி.ஆர். பெயர். நோயாளி ஒருவன்தான் மாறாமல் படுத்திருக்கிறான்.

தாமரைக்குளம்:
1 லட்சத்துக்கே இவ்வளவு சண்டையா? 5 லட்சம் ஆனது 2018இல் ஆயுஷ்மான் பாரத் என்ற பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்த பிறகு. அதில் 60 சதவீதம் மத்திய அரசின் பணம். அதை மட்டும் இரண்டு கழகமும் மூச்சு விடாது.

ஆரூர்த்தேர்:
அந்த 60 சதவீதம் எத்தனை குடும்பத்துக்கு என்றும் சொல்லுங்கள். 2011 சமூக, பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும். மீதிப் பேருக்கு முழுச் செலவும் மாநிலம். வருமான வரம்பை 1,20,000 ஆக்கியதும் தி.மு.க. ஆட்சி. பயனாளிகளுக்குப் போன கடிதத்தில் மோடி படத்தைப் போட்டுப் பெயர் வாங்கப் பார்த்ததால்தானே 2019 ஜனவரியில் மம்தா அந்தப் பிரதமர் திட்டத்தை விட்டு வெளியேறினார்?

தாமரைக்குளம்:
வெளியேறியதில் நஷ்டம் வங்காள மக்களுக்கு. ஒடிசாவும் டெல்லியும் 2025இல் வந்து சேர்ந்துவிட்டன.

கடப்பாரை:
அங்கே ஆட்சி மாறிய பிறகு சேர்ந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள் சார்.

வைகைக்கரையான்:
மம்தா, ஒடிசா எல்லாம் இருக்கட்டும். ஆண்டுக்கு 1 லட்சம் கொடுத்தது யார்? அப்புறம் இன்னொன்று. 2009இல் பிரீமியம் போனது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் கம்பெனிக்கு. அம்மா கொடுத்தது பொதுத்துறை யுனைடெட் இந்தியாவுக்கு. இதற்கும் பதில் வராது, தெரியும்.

செங்கதிர்:
எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன தோழர்? அரசுப் பணம் பிரீமியமாகப் போய்த் தனியார் மருத்துவமனைக் கல்லாவில் விழுகிறது. அதே பணத்தில் மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கு டாக்டர் போட்டிருக்கலாம்.

வைகைக்கரையான்:
அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தாலும் இதே காப்பீட்டுப் பணம் அங்கே போகிறது தோழரே. படித்துவிட்டு வாருங்கள். போன மாதம் பேருந்துக் கட்டண இழையிலும் இப்படித்தான் பாதியில் ஓடினீர்கள்.

செங்கதிர்:
ஓடவில்லை. நைட் ஷிப்ட்.

ஊர்சுற்றி:
என் மாமனாருக்கு ஸ்டென்ட் வைத்தோம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் எல்லோரும் வரிசையில் நின்று போட்டோ எடுத்து, அட்டை வாங்கி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். காப்பீட்டு கவுன்டரில் அப்ரூவல் வந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வேறு ஒருவர் வந்து, "இந்த ஊசி பேக்கேஜில் வராது, கையில் கட்டிடுங்க" என்றார். பில் கேட்டால் முறைக்கிறார். யார் ஆட்சியிலும் இதை யாரும் கேட்கவில்லை.

வைகைக்கரையான்:
வருத்தம்தான் அண்ணே. எந்த ஆண்டு? 2012க்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் மொத்தமே நான்கு ஆண்டுக்கு 1 லட்சம்தான், அதனால் கையில் கேட்டிருப்பார்கள்.

ஊர்சுற்றி:
அட போப்பா.

ஆரூர்த்தேர்:
பார்த்தீர்களா, மாமனார் நெஞ்சிலும் இவருக்கு அந்தக் கணக்குத்தான். மக்கள் இன்னும் "கலைஞர் அட்டை" என்றுதான் கேட்கிறார்கள், அந்த எரிச்சல். ஓமந்தூரார் வளாகத்தில் கலைஞர் கட்டிய சட்டமன்றக் கட்டடத்தை மருத்துவமனை ஆக்கியதும் ஏழைகள் மேல் இருந்த பாசமா?

வைகைக்கரையான்:
ஆமாம், பாசம்தான். எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்த இடத்தில் நோயாளி படுத்தால் உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

ஆரூர்த்தேர்:
அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கக் கிளம்பினீர்களே, அதை உயர் நீதிமன்றம் தடுத்ததே, அதுவும் பாசமா?

வைகைக்கரையான்:
நூலகத்துக்குத் தனி இழை போடுங்கள், அங்கே வந்து கிழிக்கிறேன்.

கடப்பாரை:
போட்டாயிற்று. இரண்டு பேரும் அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.