பட்டாளத்தான் மகனுக்கு மட்டும் ஏன் 2 செ.மீ. தள்ளுபடி?

வெண்ணாற்றங்கரையான்:
நேற்று மன்னை ஹவில்தார் ஐயா இங்கே ஒரு முத்து உதிர்த்தார்: "டெல்டா பையன்களுக்கு உடம்பு வளையாது. சோறும் மத்தியானத் தூக்கமும் கண்ட ஊர். பட்டாளத்தில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல். தேறினால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு." படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஒரே அளவுகோலா ஐயா? என் அக்கா மகன் பட்டாளத்தில் சேர இரண்டு வருஷம் ஓடினான். தையில் ஆற்றுத் தண்ணீர் நின்றதும் மணலில் ஓட்டம், ஆனியில் தண்ணீர் வந்துவிட்டால் கரைமேல் ஓட்டம். 1.6 கிலோமீட்டரை ஐந்தேகால் நிமிஷத்தில் முடிப்பான். எழுத்துத் தேர்வும் தேறினான். ஆள் எடுப்புத் திடலில் உயரம் அளந்தார்கள், 165 செ.மீ. தமிழ்நாட்டுக்காரனுக்கு 166 வேண்டும், கிளம்பு என்று விட்டார்கள். அவனுக்குப் பின்னால் நின்ற பக்கத்துத் தெருப் பையன் 164.5. அவன் உள்ளே! அப்பா பட்டாளம், அதனால் மகனுக்கு 2 செ.மீ. தள்ளுபடி.

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
தம்பி, மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். 24 வருஷம் சர்வீஸ் பார்த்தவன் நான், கூகுள் பார்த்தவன் அல்ல. அந்த 2 செ.மீ. சலுகை இல்லை, கடன். மூத்தவன் பிறந்தபோது நான் பனியில் நின்றேன். அவன் முகத்தை ஏழாம் மாதம்தான் பார்த்தேன். காதுகுத்துக்கு இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் இல்லை. அதற்கெல்லாம் சேர்த்து சர்க்கார் திருப்பித் தருவது ஒரு விரற்கடை உயரம். அதற்குமா வயிற்றெரிச்சல்?

வெண்ணாற்றங்கரையான்:
பனியில் நின்றது நீங்கள், கும்பிடுகிறேன். உங்கள் மகன் எங்கே நின்றான்? கடன் என்றால் உங்கள் பென்ஷனில் தீர்க்கட்டும், பையன் உயரத்தில் ஏன் தீர்க்க வேண்டும்? எங்கள் அக்கா நடவுக்குப் போய்ப் பிள்ளை வளர்த்தவள். சேற்றில் நின்றவள் மகனுக்கு அரை செ.மீ. கூடக் கிடையாது.

ஒரத்தநாடு தென்னந்தோப்பு:
கஜா புயலில் எனக்கு 140 தென்னை சாய்ந்தது. எனக்கு எத்தனை செ.மீ. வரும்? சும்மா ஒரு கணக்குக்குக் கேட்கிறேன்.

திருவையாறு வாத்தியார்:
நியாயம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவா, அவரவர் நிலைக்கு ஏற்ற அளவா? அதை முதலில் பேசிக்கொள்ளலாமே. உயரமே ஊருக்கு ஊர் மாறுகிறது. பஞ்சாப், ஹரியானாவுக்கு 170, நமக்கு 166, உத்தராகண்ட் மலையின் கார்வாலிக்கு 163, கூர்க்காவுக்கு 157.

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
வாத்தியார் வகுப்பு எடுக்க வந்துவிட்டார். கூர்க்காவை இதில் இழுக்காதீர்கள். முதுகில் சுமையோடு அவன் மலை ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

வெண்ணாற்றங்கரையான்:
நன்றி ஐயா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். 157 மலை ஏறும், 165 ஏறாதா?

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
ஏறும், ஏறாது என்பது இல்லை தம்பி. கோடு ஓர் இடத்தில் போட்டுத்தான் ஆகவேண்டும். 165-க்கு இறக்கினால் நாளைக்கு 164 வந்து அழும்.

கொஞ்சம் சரித்திரமும் தெரிந்துகொள்ளுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் 1758-இல் தொடங்கியது, இன்று இருக்கும் காலாட்படைகளில் மூத்தது. அப்புறம் ராபர்ட்ஸ் என்று ஒரு வெள்ளைக்காரத் தளபதி வந்தான். தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் இல்லை என்று முடிவுகட்டி, மதராஸ் படைகளைக் குறைத்து வடக்கே ஆள் எடுத்தான். அந்த அவமானத்தை உதறிவிட்டுத்தான் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று நாங்கள் நிமிர்ந்து நின்றோம். நீலகிரி வெலிங்டனில் எங்கள் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் ஒரு நாள் காலை அணிவகுப்பு பார்த்திருந்தால் இந்த செ.மீ. பேச்சு வந்திருக்காது. தஞ்சாவூருக்கு மேலே சுகோய் போர் விமானம் பறந்தால் அண்ணாந்து பார்த்து போன் எடுத்து வீடியோ பிடிக்கும் கூட்டம்தானே இது.

வெண்ணாற்றங்கரையான்:
ராபர்ட்ஸ் சொன்னதற்கும் நேற்று நீங்கள் "டெல்டா பையன்களுக்கு உடம்பு வளையாது" என்று சொன்னதற்கும் என்ன வித்தியாசம் ஐயா? அவன் வெள்ளை, நீங்கள் மன்னார்குடி. அவ்வளவுதான். அந்த ஆள் போனாலும் அவன் புத்தி போகவில்லை. ஜனாதிபதியின் மெய்க்காவல் படையில் ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் என்று மூன்று சாதியிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள் என்று வழக்கே நடந்தது. அதற்கு ராணுவம் சொன்ன பதில் என்ன? சடங்குக்கு நிற்கும் படை, உயரமும் தோற்றமும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். மறுபடி உயரம்!

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
அது வேறு, இது வேறு. 2 செ.மீ. கடன் என்றேன். அதற்குப் பதில் இல்லை.

குடந்தை மலர்விழி:
ஒரு செ.மீ. குறைந்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா? நான் 163. பெண்ணுக்குக் கேட்பது 162. அளவு சரி, ஓட்டமும் சரி. ஆனால் சிப்பாயாகச் சேர ராணுவப் போலீஸ் ஒன்றுதான் வழி. அந்த மதராஸ் ரெஜிமென்ட் வாசலில் எனக்கு இடமே இல்லை. சென்னையில் 1992-லிருந்து பெண் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நிரந்தரப் பணி கொடுக்கச் சொல்லி 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே எழுத வேண்டியிருந்தது. அந்தக் கோடு யார் போட்டது ஹவில்தார் அண்ணே?

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
தங்கச்சி, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே 2 செ.மீ. ஓடிக்கொண்டிருக்கிறது.

குடந்தை மலர்விழி:
ஓடட்டும். நான் ஓரமாக நிற்கிறேன், பழக்கம்தானே.

வேலூர்க் கோட்டை:
எங்கள் பக்கம் கம்மவான்பேட்டைக்கு வந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு பட்டாளம். யாரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு அழுததில்லை. காலையில் எழுந்து ஓடுவார்கள்.

ஒரத்தநாடு தென்னந்தோப்பு:
உங்களுக்கு என்ன அண்ணே, பாலாறு வருஷம் முழுக்க மைதானம். எங்களுக்கு ஜூன் 12 மேட்டூர் திறந்தால் பாதி மைதானம் போச்சு.

வேலூர்க் கோட்டை:
தண்ணீர் இருக்கிற திமிர். பாலாற்றைப் பேசினால் நானும் பேசுவேன்.

வெண்ணாற்றங்கரையான்:
வீட்டுக்கு வீடு பட்டாளம் என்றால் வீட்டுக்கு வீடு 2 செ.மீ. தள்ளுபடி என்று அர்த்தம். தாத்தா போனார், அப்பாவுக்குத் தள்ளுபடி. அப்பா போனார், மகனுக்குத் தள்ளுபடி. புதிதாக ஒருத்தன் எந்த வழியாக நுழைவது? ராஜேந்திரன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியபோது நாகப்பட்டினத்தில் யார் குச்சி வைத்து அளந்தது?

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
வந்தாயிற்று, சோழர் வந்தாயிற்று. இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன். உள்ளே போனாலும் இப்போது நாலு வருஷம், அதில் நூற்றுக்கு 25 பேர்தான் தங்குவார்கள். இந்த அக்னிவீர் வேலைக்கா இத்தனை சண்டை?

வெண்ணாற்றங்கரையான்:
வேலை அவ்வளவு மட்டம் என்றால் உங்கள் சின்னவனை ஏன் போன ஆள் எடுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்? அவன் உயரம் என்ன ஐயா?

ஒரத்தநாடு தென்னந்தோப்பு:
அட.

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
வீட்டுப் பிள்ளையை இழுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இழுத்தவரிடம் ஒரு கேள்வி. போன பொங்கலுக்கு "ஐயா, மிலிட்டரி கேன்டீன் பாட்டில் இரண்டு கிடைக்குமா" என்று என் வாசலில் நின்றது யார்? அந்தத் தள்ளுபடி மட்டும் இனித்ததா?

வெண்ணாற்றங்கரையான்:
பாட்டிலுக்குக் கடை விலையே வாங்கினீர்கள். அதில் தள்ளுபடி எங்கே வந்தது?

திருவையாறு வாத்தியார்:
நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
இருக்கட்டும் வாத்தியாரே. தம்பி, ஆள் காலையில் கொஞ்சம் உயரமாக இருப்பான், பொழுது சாயச் சாயக் குறைவான். உங்கள் பையன் இராத்திரி பூராவும் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, வரிசையில் தொங்கிக்கொண்டு நின்றிருப்பான். முதல் நாளே போய்ப் படுத்துத் தூங்கச் சொல்ல வீட்டில் ஆள் இல்லையா? பட்டாளத்தான் வீடாக இருந்தால் சொல்லியிருப்போம்.

வெண்ணாற்றங்கரையான்:
லாட்ஜ் எடுக்கக் காசு வேண்டாமா? பக்கத்துத் தெருப் பையனும் அதே பஸ்தான். அவனும்தான் குறைந்திருப்பான். 164.5!

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
சரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உங்கள் பையனை என் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் ஒட்ட, நானே அளக்கிறேன்.

வெண்ணாற்றங்கரையான்:
உங்கள் வீட்டிலா? உங்கள் சின்னவனையும் பக்கத்தில் நிறுத்துங்கள், வருகிறோம். டேப் எங்களுடையது.

மன்னை ஹவில்தார் (ஓய்வு):
டெய்லர் டேப் எல்லாம் செல்லாது. என்னிடம் இரும்பு டேப் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரையான்:
அதில் 2 செ.மீ. முன்னாடியே வெட்டியிருக்கும்.