புதுப்பிப்பு: உயரத்தில் அணைந்துபோன டீசல் ஹீட்டர் சரியாகிவிட்டது

லாரியை வீடாக மாற்றி நெடும்பயணம் போகிறோம், 3,500 மீட்டருக்கு மேல், வண்டிக்குள் சூடேற்றும் டீசல் ஹீட்டர் புகை கக்கி அணைந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது இரவு முழுக்க நிற்காமல் ஓடுகிறது.

பேட்டரி வோல்டேஜைப் பார்க்கச் சொன்னீர்கள். அது சரியாகவே இருந்தது. பம்ப் தள்ளும் டீசலைக் குறைக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைவு. டீசல் மட்டும் பழைய அளவிலேயே வந்தால் பாதி எரிந்து கரியாகப் படிகிறது. கன்ட்ரோலரில் பம்பின் துடிப்பை (நொடிக்கு எத்தனை தடவை டீசலைத் தள்ளுகிறது என்பதை) குறைத்து, ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

எதிர்பாராதது ஒன்று: செட்டிங்கை மாற்றிய பிறகும் அது பற்றவே இல்லை. டீசலைப் பற்றவைக்கச் சூடேறும் க்ளோ பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதைச் சுற்றியுள்ள சின்னக் கம்பிவலையில் ஒரு துளைகூடத் தெரியாத அளவுக்குக் கரி அப்பிக் கிடந்தது. வலையைப் புதிதாகப் போட்டு, எரியறையையும் சுரண்டித் துடைத்தேன். அப்புறம் முதல் தடவையிலேயே பற்றியது. ஆகவே இதே கோளாறோடு வருபவர்கள் முதலில் கரியை எடுங்கள், பிறகு செட்டிங்கைத் தொடுங்கள்.

கீழே இறங்கியதும் பழைய அளவுக்கு மாற்றிவிட வேண்டும். அணைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் கரி குறைவாகச் சேர்கிறது. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும் என்பதால் புகைக்குழாய் இணைப்புகளையும் இறுக்கினேன். படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்கட்டும்.