நவம்பர் 14 பேச்சுப் போட்டி: 1964 கதை சரிதானுங்களா?

கோபி_வாசகி:
அஞ்சாவது படிக்கிற பொண்ணுக்குப் பேச்சுப் போட்டிங்க, 3 நிமிஷம். "நேரு இருந்தவரைக்கும் நவம்பர் 20தான் குழந்தைகள் தினம், 1964ல் அவர் இறந்த பிறகு 14க்கு மாத்துனாங்க"ன்னு யூடியூப்ல சொல்றாங்க. எழுதலாமுங்களா? அன்னிக்கே நேரு மாறுவேடமும் இருக்குது. ரோஜா மேடை ஏறுறதுக்குள்ள வாடிடுமா?

நொய்யல்கரை:
அதை எழுதாதீங்க. 1957 நவம்பர் 14 அன்னிக்கே குழந்தைகள் தினம்னு போட்டு 3 தபால்தலை வந்துடுச்சு. வாழைப்பழம் தின்னுற பையன், பலகையில எழுதுற புள்ள, பாங்குரா சுடுமண் குதிரை. அப்ப நேருதான் பிரதமர். 20ங்கிறது ஐ.நா. நாளுங்க, குழந்தை உரிமைப் பிரகடனம் (1959), உடன்படிக்கை (1989) ரெண்டும் அந்தத் தேதியில நிறைவேறுனது.

நடுவர் பிடிக்கிற இன்னொரு இடம் செங்கோட்டைக் கொடி. அங்கே நேரு ஏத்துனது 1947 ஆகஸ்ட் 16. பாதிப் பிள்ளைங்க 15ன்னுதான் சொல்லும்.

ஆழியாறு_ஆசிரியர்:
3 நிமிஷத்துக்கு 220 சொல் போதும். 300 எழுதுனா கடைசிப் பத்தியை ஓட்டமா ஓட்டி, மூச்சு வாங்கி, முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சுருவாங்க. "அவையோர்களே, நடுவர்களே, ஆசிரியப் பெருமக்களே"ன்னு அரை நிமிஷம் போக்காம ஒரே வரியில வணக்கம் சொல்லச் சொல்லுங்க.

பிறப்பு (1889, அலகாபாத்), பிரதமரான தேதி, மறைவு (1964 மே 27) மூணும் 40 சொல்லுக்குள்ள அடங்கணும். மிச்சத்தை ஒரே சம்பவத்துக்குக் குடுங்க. டோக்கியோ உயெனோ பூங்காவின் யானைகள் போர்க்காலத்துல கொல்லப்பட்டன. அந்த ஊர்ப் பிள்ளைங்க நேருவுக்குக் கடிதம் எழுதுனாங்க. 1949ல் அவர் ஒரு யானையை அனுப்பி வெச்சார், பேரு இந்திரா. பத்து வயசுப் புள்ளைக்கு இது தானா வாயில வரும். இல்லீன்னா 1928 கோடையில முசூரியில இருந்த மகளுக்கு அவர் எழுதுன 30 கடிதம், பூமி உண்டானதுல ஆரம்பிக்கும்.

நம்மூரைச் சேர்க்கணும்னா அவர் அமைச்சரவையின் முதல் நிதியமைச்சர் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1962ல் எஃகுத்துறை பார்த்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். ஒருத்தரைச் சொன்னாப் போதுமுங்க, ரெண்டு பேரும் வந்தா பேச்சு வேற பக்கம் போயிடும்.

பவானி_தையல்:
ரோஜாவுக்கு: பாதி விரிஞ்ச மொட்டா எடுங்க, முழுசா விரிஞ்சது இதழ் உதிரும். காம்பை 2 அங்குலம் விட்டுச் சாய்வா வெட்டி, நனைச்ச பஞ்சைச் சுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளை நூலால கட்டுங்க. ஊக்கு உள்பக்கமா குத்தணும். மேடை ஏற 10 நிமிஷம் இருக்கையில குத்துனாப் போதும், அதுவரைக்கும் தண்ணியில இருக்கட்டும். ஃப்ரிட்ஜுல வைக்கிறதுன்னா பழங்களுக்குப் பக்கத்துல வேண்டாம், சீக்கிரம் வாடிப்போகும்.

தொப்பிக்குச் சார்ட் பேப்பர் ஆகாதுங்க, வேர்வையில நெகிழ்ந்து கண்ணு மேல இறங்கிடும். கதர்த்துணியில தலைச் சுற்றளவை விட 1 செ.மீ. கூட வெச்சுத் தைங்க. பொண்ணுக்குக் கொண்டை உச்சியில போட்டா தொப்பி உக்காராது. பின்னலைப் பிடரியில தட்டையா சுத்திக் குத்துங்க. வாடகைக் கடையில குடுக்கிற கையில்லாத கோட்டை விட, முழங்கால் வரைக்கும் வர்ற நீளக்கை அச்கன்தான் நேருவோட படங்கள்ல பார்க்கிறது.

கோபி_வாசகி:
யானையையே எடுத்துக்கறோமுங்க. எந்த ஊர்ல இருந்து போச்சு?

ஆழியாறு_ஆசிரியர்:
மைசூருங்க. அதையும் ஒரு வரி சேர்த்துடுங்க.